டிக்கெட் வீணாகிவிடுமே என்று நோயாளியை விமானத்தில் ஏற்றலாமா?

உம்ராவுக்குப் புறப்பட இன்னும் மூன்று நாள்தான். பெட்டி கட்டியாகிவிட்டது. சொந்தபந்தங்கள் வந்து ஸலாம் சொல்லி, துஆ செய்யச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அந்த நேரத்தில் அத்தாவுக்கு நெஞ்சு வலி. மருத்துவமனையில் ஸ்டென்ட் வைத்து, ஓய்வெடுக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். "டிக்கெட் போட்டாச்சே, அவ்வளவு பணமும் போயிடுமே. அல்லாஹ் பார்த்துக்குவான், நான் போறேன்" என்கிறார் அத்தா. பிள்ளைகள் டிராவல்ஸ்காரருக்குப் போன் போட்டால், "நான்-ரீஃபண்டபிள் டிக்கெட் பாய், ஒண்ணும் வராது" என்று பதில் வருகிறது. பயணக் காப்பீடும் எடுக்கவில்லை.

நம் மஹல்லாக்களில் இது அடிக்கடி நடக்கிறது. "ஒன்றும் வராது" என்ற அந்த ஒரு சொல்லை நம்பித்தான் பல குடும்பங்கள் பெரியவர்களை அந்த நிலையிலேயே விமானத்தில் ஏற்றிவிடுகின்றன. அந்தச் சொல் பெரும்பாலும் முழு உண்மையும் அல்ல.

முதலில் உடலைப் பார்ப்போம். பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் தரையில் இருப்பதைப் போன்றது அல்ல. சுமார் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். ஊட்டியில் போய் உட்கார்ந்திருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல உடம்புக்கு அது தெரியாது. இதயமோ நுரையீரலோ தளர்ந்திருப்பவருக்கு அந்த ஆக்ஸிஜன் குறைவே ஆபத்தாக முடியலாம். வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து சில நாட்களே ஆனவருக்கு, உள்ளே இருக்கும் வாயு விரிவடைந்து தையலைப் பாதிக்கக்கூடும். ஆகவே, பயணம் செய்யலாமா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் சிகிச்சை அளித்த மருத்துவர். டிராவல்ஸ்காரரும் அல்ல, நாமும் அல்ல.

மார்க்கம் இதில் நம்மை நெருக்கவில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் வாழ்நாளில் ஒரு முறை உம்ரா கடமை. ஹனஃபி மத்ஹபில் அது வலியுறுத்தப்பட்ட சுன்னத். கடமை என்று சொல்பவர்களும் உடல் சக்தி உள்ளவருக்கே கடமை என்கிறார்கள். நோயின் காரணமாக அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைப்பதில் குற்றம் எதுவும் இல்லை.

இனி டிக்கெட்டுக்கு வருவோம். எல்லாவற்றுக்கும் முந்திய விதி ஒன்று உண்டு: விமானம் புறப்படுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் போகாமல் இருந்துவிட்டால் அதற்கு 'நோ-ஷோ' என்று பெயர். நோ-ஷோ ஆன டிக்கெட்டில் தேதி மாற்றும் வாய்ப்பு பெரும்பாலும் போய்விடும். போக வர ஒன்றாக எடுத்த டிக்கெட்டாக இருந்தால், போகும் பயணத்தைப் பயன்படுத்தாதவரின் திரும்பும் பயணத்தையும் பல நிறுவனங்கள் தானாகவே ரத்து செய்துவிடும். மருத்துவமனை வராந்தாவில் நிற்கும்போது இதெல்லாம் நினைவுக்கு வராது. அதனால் நோயாளியோடு ஒருவர் இருந்தால், டிக்கெட் வேலைக்கென்று இன்னொருவரை ஒதுக்கிவிடுங்கள். அவர் ஏஜென்டுக்குப் போன் செய்வதோடு நிற்காமல், விமான நிறுவனத்துக்கும் மின்னஞ்சல் அனுப்பட்டும். எத்தனை மணிக்குத் தெரிவித்தோம் என்பதற்கு அதுவே ஆதாரம்.

அடுத்து, 'நான்-ரீஃபண்டபிள்' என்றால் என்ன? டிக்கெட் தொகை என்பது ஒரே தொகை அல்ல. அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கூடுதல் கட்டணம், அரசு வரிகள், விமான நிலையக் கட்டணங்கள் எல்லாம் சேர்ந்ததுதான் அது. இந்திய சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் விதிப்படி, டிக்கெட் ரத்தானாலும், பயன்படுத்தப்படாமலே போனாலும், சட்டப்படியான வரிகளையும் பயணிகள் சேவை, விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணங்களையும் நிறுவனம் திருப்பித் தர வேண்டும். சலுகை விலை டிக்கெட்டுக்கும் இது பொருந்தும். ரத்துக் கட்டணம், அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. பணத்தைத் திருப்பித் தருவதற்கென்று தனியாக ஒரு கட்டணம் பிடிக்கவும் கூடாது. 'கிரெடிட் ஷெல்' என்ற பெயரில் பணத்தைத் தங்களிடமே வைத்துக்கொள்வது பயணி விரும்பினால் மட்டுமே. டிக்கெட்டில் 'ஒய்க்யூ' என்று இருப்பது எரிபொருள் கட்டணம். அது வரி அல்ல, திரும்ப வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

எடுத்துக்காட்டாக, 32,000 ரூபாய் டிக்கெட்டில் வரியும் நிலையக் கட்டணமும் 5,000 என்று வைத்துக்கொள்வோம். மற்றதெல்லாம் போனாலும் நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு 20,000 ரூபாய் திரும்ப வர வேண்டும். சவூதியா, எமிரேட்ஸ், ஸ்ரீலங்கன் போன்ற வெளிநாட்டு நிறுவனங்கள் அந்தந்த நாட்டு விதிப்படி நடப்பவை. அங்கே டிக்கெட்டின் கட்டண விதிகளைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும்.

இங்கே டிராவல்ஸ் நடத்தும் நம் சகோதரர்களிடமும் ஒரு வார்த்தை. பேசிக்கொண்ட சேவைக் கட்டணம் உங்கள் ஹக்கு. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பயணியின் பெயரில் விமான நிறுவனம் திருப்பி அனுப்பிய தொகை அமானிதம். வாடிக்கையாளர் கேட்கவில்லை என்பதால் அது உங்களுடையதாகிவிடாது. வாங்கியவர் வருந்தி நிற்கும்போது வியாபாரத்தை முறித்துக்கொள்ள இசைவதற்கு ஃபிக்ஹில் 'இகாலா' என்று பெயர். அப்படி இசைபவரின் தவறுகளை அல்லாஹ் மறுமையில் மன்னிப்பான் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் ஹதீஸ் அபூதாவூதிலும் இப்னு மாஜாவிலும் பதிவாகியுள்ளது. நோயாளியின் குடும்பத்தைவிட இதற்குத் தகுதியானவர் யார்? ஏஜென்ட் மூலம் வாங்கிய டிக்கெட்டுக்கும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துக்கு உண்டு என்பதைக் குடும்பத்தாரும் தெரிந்துகொள்ளுங்கள். பதில் வராவிட்டால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்திலும், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் செய்யலாம்.

தேதியை மாற்றுவதா, ரத்து செய்வதா? மருத்துவச் சான்றைப் பார்த்து மாற்றக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் நிறுவனங்கள் உண்டு. அது அவர்கள் தரும் சலுகைதான், கட்டாயம் இல்லை. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். தள்ளுபடி கிடைத்தாலும் கட்டண வித்தியாசத்தைக் கட்ட வேண்டியிருக்கும். ஷஅபானில் எடுத்த டிக்கெட்டை ரமலானுக்கு மாற்றினால் அந்த வித்தியாசம் புது டிக்கெட் விலையைத் தொட்டாலும் தொடும். அப்போது ரத்து செய்து, வருவதை வாங்கிக்கொண்டு, பிறகு புதிதாக எடுப்பதே லாபம். இரண்டு கணக்கையும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எல்லோருடைய டிக்கெட்டும் ஒரே பிஎன்ஆரில் இருந்தால், ஒருவருக்காக அனைவரும் நிற்க வேண்டியதில்லை. பிஎன்ஆரைப் பிரித்து, நோயாளிக்கும் அவரோடு தங்குபவருக்கும் மட்டும் தேதியை மாற்றச் சொல்லலாம். மாறாக, மஹ்ரமாக வரும் வாப்பாவே நோயாளி என்றால் உம்மாவின் டிக்கெட்டையும் சேர்த்து மாற்றக் கேளுங்கள். உடன் பயணிக்கும் நெருங்கிய உறவினருக்கும் சலுகையை நீட்டிக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. உம்ரா குழுக்களின் குரூப் டிக்கெட்டில் மட்டும் இதெல்லாம் கடினம். அதனால் முன்பணம் கொடுக்கும் அன்றே, "நோய் வந்தால் என்ன தருவீர்கள், ஆளை மாற்ற எந்தத் தேதி வரை முடியும்" என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். பாய் நமக்குத் தெரிந்தவர்தான் என்று கூச்சப்பட வேண்டாம். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்வது குர்ஆன்.

மருத்துவச் சான்று எப்படி இருக்க வேண்டும்? ஆங்கிலத்தில், மருத்துவமனையின் லெட்டர்பேடில், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை விமானப் பயணத்துக்குத் தகுதியில்லை என்பது தெளிவாக இருக்க வேண்டும். மருத்துவரின் கையெழுத்து, முத்திரை, பதிவு எண் மூன்றும் வேண்டும். 'ஓய்வு தேவை' என்று மட்டும் எழுதிய சீட்டை நிறுவனங்கள் ஏற்பதில்லை. பிறகு பயணம் செய்யும்போது, 'பறக்கத் தகுதியானவர்' என்ற சான்றும், சில நோய்களுக்கு மெடிஃப் என்ற படிவமும் கேட்பார்கள். கர்ப்பிணிகளுக்கு 28 வாரத்துக்குப் பிறகு பல நிறுவனங்கள் சான்று கேட்கின்றன. 36 வாரத்துக்குப் பிறகு பொதுவாக ஏற்றுவதில்லை.

திருமணம் தள்ளிப்போனதற்கும், லீவு கிடைக்காததற்கும் தெரிந்த டாக்டரிடம் ஒரு சான்று வாங்கி அனுப்புவதைச் சிலர் சாமர்த்தியம் என்று நினைக்கிறார்கள். அது பொய்ச் சாட்சி. பெரும் பாவங்களின் வரிசையில் நபி (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்த ஒன்று. எழுதிக் கொடுக்கும் மருத்துவருக்கும் அதில் பங்கு உண்டு. இதன் மறுபக்கமும் இருக்கிறது: அம்மை போட்டிருக்கும் பிள்ளையை முழுக்கைச் சட்டை போட்டு மறைத்து அழைத்துப் போவது. கவுன்டரில் கண்டுபிடித்து இறக்கிவிட்டால் பணமும் போகும். கண்டுபிடிக்காவிட்டால் பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு நோய் போகும்.

உம்ரா பயணிகளுக்கு மட்டும் உரிய ஒன்று இஹ்ராம். சென்னை விமான நிலையத்திலேயே இஹ்ராம் துணி உடுத்திக்கொள்ளலாம். ஆனால் நிய்யத்தை அங்கே வைக்க வேண்டாம். விமானம் மீக்காத்தை நெருங்கும்போது வைத்தால் போதும். துணி உடுத்தியதால் மட்டும் ஒருவர் முஹ்ரிம் ஆகிவிடுவதில்லை. போர்டிங்கில் மயங்கி விழுந்து வீடு திரும்ப நேர்ந்தால், நிய்யத் வைக்காதவருக்கு ஒன்றும் இல்லை. வைத்துவிட்டவர் சிக்கலில் மாட்டுகிறார். ஹனஃபிகளிடம் நோயும் 'இஹ்ஸார்', அதாவது தடுக்கப்படுதல். ஹரம் எல்லைக்குள் அவருக்காகக் குர்பானி அறுக்கப்பட்ட பின்பே இஹ்ராமிலிருந்து வெளியேற முடியும், பின்னர் களாவும் செய்ய வேண்டும். ஷாஃபிஈகளிடம் நோய் மட்டும் காரணமாக வெளியேற முடியாது. நிய்யத்தின்போதே நிபந்தனை வைத்திருந்தால் முடியும். நோயுற்றிருந்த ளுபாஆ (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அப்படி நிபந்தனையிட்டு இஹ்ராம் கட்டச் சொன்னது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. உடல்நலம் தளர்ந்த பெரியவர்கள் புறப்படும் முன் இதைத் தங்கள் ஆலிமிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

காப்பீடு இல்லை என்று சொல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2020 முதல் உம்ரா விசாவோடு சேர்ந்தே சவூதி அரசின் காப்பீடு ஒன்று வருகிறது. அவசர சிகிச்சைக்கு ஒரு லட்சம் ரியால் வரை அதில் வழியுண்டு. நாம் இங்கே நோயுற்று டிக்கெட்டை ரத்து செய்தால் அது உதவாது. ஆனால் மதீனாவில் உடல்நிலை கெட்டு மருத்துவமனையில் சேர்ந்தால் உதவும். விசா ஆவணத்தை அங்கே காட்டுங்கள். குழுத் தலைவரிடம் சொல்லி, திரும்பும் டிக்கெட்டை விமானம் புறப்படும் முன் மாற்றுங்கள். விசா முடியும் தேதியையும் பாருங்கள்.

வணிகக் காப்பீட்டை மார்க்க அடிப்படையில் தவிர்ப்பவர்களும் உண்டு. 1985ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி அதைத் தடுத்து, கூட்டுறவு முறையை அனுமதித்தது. அந்த வாதத்துக்குள் இப்போது போகவில்லை. அப்படித் தவிர்ப்பவர்கள், வயதானவர்களுக்காவது தேதி மாற்றும் உரிமையுள்ள 'ஃப்ளெக்ஸி' டிக்கெட் எடுக்கலாம். நிபந்தனை கூடிய சரக்குக்கு விலை கூடுதல், அவ்வளவுதான். அதில் எனக்குத் தடை தெரியவில்லை.

வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்து நோயுற்றவருக்கு டிக்கெட்டைவிட விசா முக்கியம். சவூதியிலிருந்து வந்தவர் ரீ-என்ட்ரி முடியும் தேதியை முதலில் பார்க்க வேண்டும். அது முடிவதற்குள் கஃபீலுக்கோ கம்பெனிக்கோ மருத்துவச் சான்றை அனுப்பினால், அவர்கள் அங்கிருந்தே ஆன்லைனில் நீட்டிக்க முடியும். அமீரகத்தில் பொதுவாக ஆறு மாதம் வெளியே இருந்தால் குடியிருப்பு விசா செல்லாமல் போகும். நீட்டிப்பு கைக்கு வந்த பிறகே புதிய பயணத் தேதியைப் போடுங்கள். அவசரப்பட்டு முன்பே போட்டால், விசா தாமதமாகும்போது இரண்டாம் முறையும் மாற்றக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும்.