சாத்தூர்ப் பாலத்தில் தொடங்கும் மணல்திட்டு

விருதுநகர் மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. ஆனால் இந்த மாவட்டத்து ஆற்றுக்குக் கடல் உண்டு. ராஜபாளையம் பக்கத்து ஓடைகளும், வத்திராயிருப்பு மலையடிவாரத் தண்ணீரும், சிவகாசியை ஒட்டி ஓடும் அர்ச்சுனா நதியும், விருதுநகரின் கௌசிகா நதியும் வைப்பாற்றோடு சேர்ந்து, தூத்துக்குடி மாவட்டத்துச் சிப்பிகுளம் பக்கம் மன்னார் வளைகுடாவில் விழ வேண்டும். ‘விழ வேண்டும்’ என்றுதான் எழுத முடிகிறது. மழைக்காலத்துச் சில வாரங்களைக் கழித்துவிட்டால், அங்கே விழுவதற்குத் தண்ணீர் வருவதில்லை. ஆற்றின் வாயில் மணல்தான் படுத்திருக்கிறது.

ஆழ்கடலில் புயலுக்குத் தப்பி வந்த படகு, வீட்டு அடுப்புப் புகை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் கவிழ்வது இப்படிப்பட்ட மணலில்தான். குமரிக் கரையில் இதைப் ‘பொழி’ என்பார்கள். கிழக்குக் கரையில் முகத்துவாரம், மணல்திட்டு என்று சொல்கிறோம்.

ஓர் அலை தன் உயரத்தைப்போல ஏறக்குறைய ஒன்றேகால் மடங்கு ஆழம் இருக்கும்வரை சும்மா உருண்டுகொண்டு வரும். ஆழம் அதற்கும் குறைந்தால் உடைந்துவிடும். ஒரு மீட்டர் அலை என்றால் சுமார் 1.3 மீட்டர் தண்ணீரில் உடையும். வெளிக்கடலில் படகைத் தாலாட்டிய அதே அலை, திட்டின் மேல் வந்ததும் சுவராக எழுந்து தலைகுப்புற விழுகிறது. அந்தச் சுவருக்கும் மணலுக்கும் நடுவில் 25, 30 அடி நீள ஃபைபர் படகு ஒன்று நுழைந்து வர வேண்டும்.

வெளியே போவது ஓரளவு எளிது. அலை எதிரே தெரிகிறது. அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, அலைக்கு நேராக நிறுத்த வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் படகு குறுக்கே திரும்பிவிடும். அலையில் ஏறும் வரைக்கும் எஞ்சினுக்கு விசை கொடுத்து, உச்சியைத் தொடுகிற நேரத்தில் குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் படகு காற்றில் எழும்பி அடிப்பக்கம் அறைந்து விழும். வலையும் ஐஸ் பெட்டியும் நடுப்பகுதியில், தாழ்வாக, நகராமல் இருக்க வேண்டும்.

உள்ளே வருவதுதான் உயிர்ப் பிரச்சினை. அலை முதுகுப் பக்கமாக வருகிறது. எஞ்சின் மாட்டிய அமரம், அதாவது பின்முனைதான் படகிலேயே தாழ்ந்த இடம். அனுபவம் உள்ள ஓட்டி திட்டுக்கு வெளியே, அலை உடையாத இடத்தில் படகை நிறுத்திவிட்டு முதலில் காத்திருப்பான். அலைகள் கூட்டம் கூட்டமாக வரும். பெரிய அலைகள் நாலைந்து போன பிறகு சற்று ஓய்வு கிடைக்கும். எந்த இடத்தில் நுரை வெள்ளையாகக் கொதிக்கிறது, எந்த இடத்தில் தண்ணீர் கருத்துத் தெரிகிறது என்று பார்ப்பான். கருத்த தடம்தான் ஆழம். நேற்று இருந்த தடம் இன்றைக்கு இருக்கும் என்று நம்பமாட்டான். ஒரே இரவில் மணல் இடம் மாறிவிடும். பிறகு ஓர் அலையின் முதுகில் ஏறி, அந்த அலையின் வேகத்திலேயே உள்ளே வருவான். அதை முந்தக் கூடாது. முந்தினால் படகு அலையின் முன்சரிவில் இறங்கி, அணியம் தண்ணீரைக் குத்தி, அமரம் சுழன்று குறுக்கே விழும். பின்தங்கவும் கூடாது. பின்னால் வருகிற அலை தலைக்குமேல் உடையும்.

பொழுது பார்ப்பதும் இதில் பாதி. வற்றத்தின்போது, அதாவது கடல் மட்டம் இறங்கும்போது, உள்ளிருந்து வெளியே ஓடுகிற தண்ணீர், எதிரே வருகிற அலையோடு மோதி அதைச் செங்குத்தாக்கிவிடும். ஏற்றம் முடிகிற நேரமே நல்ல நேரம். ஆனால் விடிகாலை ஏலத்துக்கு மீன் போய்ச் சேர வேண்டுமே? ஒரு மணி நேரம் தாமதித்தால் விலை போய்விடுமே? அந்த அவசரத்தில்தான் பலரும் ஓய்வுக்குக் காத்திருக்காமல் நுழைகிறார்கள். வலை இழுக்கும்போது உயிர்காப்புச் சட்டை இடைஞ்சல் என்பது உண்மைதான். பொழியைக் கடக்கிற பத்து நிமிடத்துக்காவது அதை மாட்டிக்கொள்ளலாம். அந்தப் பத்து நிமிடத்துக்கு அதைவிட முக்கியமான வேலை படகில் எதுவும் இல்லை.

இந்த வித்தை புதிதல்ல. துறைமுகம் கட்டப்படுவதற்கு முன் மதராசில் இறங்கிய ஒவ்வொரு கப்பல் பயணியும் மசூலா படகுக்காரர்களின் கைக்கணக்கை நம்பித்தான் கரை சேர்ந்தார். ஆணி இல்லாமல், தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்த படகு அது. அலை அறையும்போது உடையாமல் வளைந்துகொடுக்கும்.

இன்றைக்குக் கையில் கணக்கு இருந்தும் சாகிறார்கள். குமரி மாவட்டம் தேங்காய்ப்பட்டணத்தில், குழித்துறைத் தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில், துறைமுக வாயிலிலேயே படகுகள் கவிழ்ந்து மீனவர்கள் இறந்திருக்கிறார்கள். எல்லை தாண்டினால் திருவனந்தபுரம் மாவட்டத்து முதலப்பொழி. 2023 ஜூலை 10 அன்று அங்கே ஒரே படகில் நான்கு பேர் போனார்கள். 2025 ஏப்ரலில் அதே வாயை மணல் முழுக்க மூடிவிட்டது. இவற்றோடு, தென் இந்தியப் பெருங்கடலின் எங்கோ ஒரு மூலையில் அடித்த புயல் அனுப்பும் கள்ளக்கடலும் சேர்ந்துகொள்கிறது. உள்ளூரில் காற்று இருக்காது, மேகம் இருக்காது, அலை மட்டும் வரும். 2024 மே 6 அன்று குமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை இழுத்துச் சென்றது அதுதான். ஹைதராபாத் கடல் தகவல் மையத்திலிருந்து வருகிற அலை எச்சரிக்கையைக் கைப்பேசியில் பார்க்காமல் பொழியில் இறங்கக் கூடாத காலம் இது.

இனி சொல்லப்போவது என் கவலை. பல ஆண்டுகளாக மனதில் கிடப்பது.

முகத்துவாரத்தைத் திறந்து வைக்க இரண்டு சக்திகள்தான் உண்டு. ஒன்று ஏற்றவற்றம், இன்னொன்று ஆறு. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் கடல் மட்டம் பத்து மீட்டர் ஏறி இறங்கும். அந்த இழுப்பிலேயே வாய் திறந்திருக்கும். நம் தென்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர் வித்தியாசம் இருந்தாலே அதிகம். எனவே நம்முடைய வாய்களைத் திறந்து வைக்கிற பொறுப்பு ஆற்றுடையது. கடல், கரையோரமாகவே மணலைத் தள்ளிக்கொண்டு வந்து வாயில் குவிக்கும். ஆறு அதை வெளியே தள்ளும். ஆறு வராத வருடம் கடல் ஜெயிக்கிறது.

வைப்பாறு சுமார் 130 கிலோமீட்டர் ஓடுகிறது. அதன் குறுக்கேயும், அதில் சேரும் துணையாறுகளின் குறுக்கேயும் பிளவக்கல், வெம்பக்கோட்டை, ஆனைக்குட்டம், கோல்வார்பட்டி, குல்லூர்சந்தை, இருக்கன்குடி என்று வரிசையாக அணைகள். இடையில் கண்மாய்கள் எத்தனையோ. வருடத்துக்குச் சுமார் 830 மில்லிமீட்டர் பெய்கிற மண்ணில் இவற்றைக் குறை சொல்ல நான் யார்? இந்த அணைகளின் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள்தான் நாம். இங்கே காற்றில் ஈரம் குறைவு என்பதால்தான் சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் காய்ந்தன, பிழைப்பும் வந்தது. அதே வறட்சிதான் கீழே சிப்பிகுளத்தில் ஆற்றின் வாயை அடைக்கிறது என்பதை மட்டும் நாம் ஒருபோதும் பேசுவதில்லை.

சாத்தூர்ப் பாலத்தில் நின்று கீழே பாருங்கள். படுகையில் சீமைக்கருவேலம் காடாக நிற்கிறது. மணல் அள்ளிய இடங்களில் பள்ளம், பள்ளத்தில் சாக்கடைத் தேக்கம். ஒரு மழைக்கு வருகிற கொஞ்ச வெள்ளமும் முதலில் இந்தப் பள்ளங்களை நிரப்பி, முள்மரங்களின் வேரில் தடுக்கி, ஓய்ந்துபோய்த்தான் நகர்கிறது. வாயை உடைக்க வேண்டிய விசை சாத்தூரிலேயே செத்துவிடுகிறது. அணை தேக்கியது போக மிஞ்சிய விசையை நாம் கையாலேயே கொன்றுவிட்டோம். அதனால்தான் சொல்கிறேன், மணல்திட்டு கடலோரத்தில் தொடங்குவதில்லை.

தடுப்புச் சுவரை நீட்டி, மணலைத் தோண்டி எடுத்தால் போதும் என்று பொறியாளர்கள் சொல்கிறார்கள். பெரிய துறைமுகங்களுக்கு அது சரியாக இருக்கலாம். இருபது முப்பது ஃபைபர் படகு கிடக்கிற கிராமத்துக்கு ஒவ்வொரு வருடமும் யார் வந்து தோண்டுவார்கள்?

பம்பை, அச்சன்கோவில் ஆறுகளிலிருந்து 634 மில்லியன் கன மீட்டர் தண்ணீரை வைப்பாற்றுக்குக் கொண்டுவரும் இணைப்புத் திட்டம் முப்பது ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் தேர்தல் மேடைக்கு மேடை அதைக் கேட்டு வளர்ந்தேன். கேரளம் மறுப்பதற்குச் சொல்லும் காரணங்களில் ஒன்றை நாம் காதில் வாங்கவே இல்லை. அந்த ஆறுகளின் தண்ணீர் குறைந்தால் வேம்பநாட்டுக் காயலுக்குள் உப்பு ஏறும் என்கிறார்கள். அவர்கள் ஆற்றின் கடைசி மைலிலிருந்து பேசுகிறார்கள். குட்டநாட்டு வெள்ளம் வடிய, தோட்டப்பள்ளியில் மழைக்கு முன்பே பொழியை வெட்டிவிடும் வழக்கம் அவர்களிடம் இருக்கிறது. நம் கணக்கில் அந்த 634 பாசனத்துக்குத்தான். வைப்பாற்றின் வாய்க்கு ஒரு சொட்டுகூட எழுதி வைக்கவில்லை.

நான் கேட்பது பெரிய தொகை அல்ல. ஐப்பசி, கார்த்திகையில் அணைகள் நிரம்பும்போது மறுகாலை ஓடைகளில் சிதறவிடாமல், கருவேலத்தை வெட்டிச் சுத்தம் செய்த படுகையில், ஒரே வீச்சாகக் கடல் வரைக்கும் விட வேண்டும். எந்த நாளில் விடுகிறார்கள் என்பது ஆற்றுவாயில் இருக்கும் கீழவைப்பாறு மீனவர்களுக்கும் முன்கூட்டியே தெரிய வேண்டும். திறப்பு அறிவிப்பில் இன்றைக்கு ஆற்றங்கரை மக்களுக்குத்தான் எச்சரிக்கை போகிறது.

ஆடி கடைசி வெள்ளியில் இருக்கன்குடிக்குப் போனவர்களுக்குத் தெரியும். வைப்பாறும் அர்ச்சுனா நதியும் சேரும் அந்த இடத்தில் லட்சக்கணக்கில் சனம். ஆற்றுக்குள்ளேயே பந்தல் போட்டு, அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் படுக்க வைத்திருப்பார்கள். மணல் அத்தனை காய்ந்திருக்கும். அதே ஆடியில் தேங்காய்ப்பட்டணத்து வாயிலுக்கு வெளியே ஒரு படகு அலைகளை எண்ணிக்கொண்டு நிற்கிறது.