சக்கரங்களும் பட்டப்பெயர்களும்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

மயிலிறகேயானாலும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என்று திருவள்ளுவர் எச்சரித்தார். அவர் அரசர்களுக்குச் சொன்ன அறிவுரை, லாரி செய்யும் பொறியாளர்களுக்கும் பொருந்தும். சுமையும் அதிகமாக ஏற்ற வேண்டும், அச்சும் முறியக்கூடாது, சாலையும் பாலமும் நொறுங்கக்கூடாது. இதற்கு ஒரே வழி, அச்சுகளின் எண்ணிக்கையைக் கூட்டிச் சுமையைப் பங்கிட்டுக் கொடுப்பதுதான். பல்லக்கின் பாரம் கூடினால் தூக்கும் ஆட்களைக் கூட்டுவது போன்றது இது. அப்படிக் கூட்டியபோது சில லாரிகள் விந்தையான தோற்றம் பெற்றன. பார்த்தவர்கள் அவற்றிற்குப் பட்டப்பெயர் சூட்டினார்கள்.

பெண்பிள்ளைகளுக்கு லாரிக் கதை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நாம் உண்ணும் அரிசியும், உடுத்தும் சீருடைத் துணியும், இந்த மலர் அச்சான காகிதமும் லாரியில் வந்தவைதாமே! ஆகையால் தோழியரே, சற்றுப் பொறுமையுடன் படியுங்கள்.

எண்ணுவதில் ஒரு வேறுபாடு

நம் ஊரில் சக்கரங்களை டயர் கணக்கில் எண்ணுகிறோம். பின் அச்சில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு டயர்கள் ஒட்டி நிற்பதால், இரண்டு அச்சுள்ள லாரியை ‘ஆறு சக்கர லாரி’ என்கிறோம். இங்கிலாந்தில் அந்த இரட்டை டயர்களை ஒரே சக்கரமாகக் கணக்கிடுவார்கள். எனவே அவர்களுடைய ‘ஆறு சக்கர லாரி’க்கு மூன்று அச்சுகள், ‘எட்டுச் சக்கர லாரி’க்கு நான்கு அச்சுகள். இனி வரும் இங்கிலாந்து லாரிகளுக்கு இந்தக் கணக்கையே கொள்ள வேண்டும்.

எட்டுக்கால் பிராணி

1930-களில் இங்கிலாந்துச் சட்டம், லாரியும் சுமையும் சேர்ந்து இரண்டு அச்சு வண்டிக்கு 12 டன், மூன்று அச்சு வண்டிக்கு 19 டன், நான்கு அச்சு வண்டிக்கு 22 டன் என்று எடைக்கு வரம்பு கட்டியிருந்தது. ஆகவே அச்சு கூடினால் வருமானமும் கூடும். 1930-ஆம் ஆண்டையொட்டி சென்டினல் நிறுவனம் நீராவியால் ஓடும் எட்டுச் சக்கர லாரியைச் செய்தது. அந்தப் பத்தாண்டின் நடுவில் லேலண்ட் நிறுவனமும் எட்டுச் சக்கர லாரி ஒன்றைச் செய்து ‘ஆக்டோபஸ்’ என்று பெயரிட்டது. எட்டுக் கைகளுள்ள கடல்வாழ் உயிரினத்தின் பெயர் அது. ஓட்டுநர்களோ இத்தகைய லாரிகளைப் பொதுவாக ‘எட்டுக்காலி’ என்ற பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். லேலண்டின் மற்ற லாரிகளுக்கும் நீர்யானை, காட்டெருது என்றெல்லாம் விலங்குப் பெயர்கள் இருந்ததால், அந்த வரிசையையே ‘லேலண்ட் மிருகக்காட்சிசாலை’ என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இதற்கு நேர்மாறாக, சக்கரத்தைக் குறைத்ததனால் பெயர் பெற்ற வண்டியும் உண்டு. அதே 1930-களில் ஸ்காமெல் நிறுவனம் முன்னால் ஒற்றைச் சக்கரம் மட்டுமே உள்ள சிறிய இழுவை வண்டியைச் செய்தது. இரயில் நிலைய முற்றங்களில் குதிரைகள் பாரவண்டி இழுத்துவந்த இடத்தில், இது பின்வண்டியை மாட்டிக்கொண்டு இழுத்தது. குதிரை திரும்பும் குறுகிய இடத்திலும் இது சுலபமாகத் திரும்பியதால் இதன் பெயரே ‘இயந்திரக் குதிரை’ ஆயிற்று.

‘சீன ஆறு’

எல்லாவற்றிலும் விசித்திரமானது ‘சைனீஸ் சிக்ஸ்’ எனப்பட்ட லாரி. தமிழில் ‘சீன ஆறு’ எனலாம். நீர் ஓடும் ஆறு அன்று, எண் ஆறு! வழக்கமான ஆறு சக்கர லாரிக்கு முன்னால் ஓர் அச்சும் பின்னால் இரண்டு அச்சுகளும் இருக்கும். இதற்கோ முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன் அச்சுகள் இரண்டும் திரும்பும்.

லாரியைத் திருப்பி வைத்தாற்போல் இருந்த இந்த அமைப்பைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். அக்கால ஆங்கிலப் பேச்சில், தலைகீழாகவோ விநோதமாகவோ தோன்றும் பொருளைச் ‘சீன’ என்று கேலியாகச் சொல்லும் பழக்கம் இருந்தது. அதனால் வந்த பெயர்தான் இது. சீன நாட்டிற்கும் இந்த லாரிக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பாவம், கேலி லாரியின்மீது மட்டுமல்ல, ஒரு நாட்டு மக்கள்மீதும் விழுந்தது!

உண்மையில் இந்த அமைப்புக்கு நல்ல காரணங்கள் இருந்தன. முதலாவது, பிடிமானம். எஞ்சினின் விசை செல்லும் சக்கரங்கள் தரையில் நன்றாக அழுந்தினால்தான் வண்டி முன்னேறும். இரண்டு பின் அச்சுகளில் ஒன்றுக்கு மட்டும் விசை சென்றால், பின்புறச் சுமையில் ஒரு பங்கு வெறுமனே உருளும் அச்சின்மேல் போய்விடும். ஈரத்தரையிலும் சேற்றிலும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். கூடுதல் அச்சை முன்னால் வைத்தாலோ, பின்புறச் சுமை முழுவதும் விசை பெறும் அச்சின்மேலேயே அழுந்தும்.

இரண்டாவது, சரக்கு இறக்கும் முறை. கடை கடையாகச் சரக்கை இறக்கும்போது லாரியின் பின்புறம்தான் முதலில் காலியாகும். மிஞ்சிய பாரம் முன்புறம் நிற்கும். ஒற்றை முன் அச்சு அதைத் தாங்கத் திணறும். இரண்டு அச்சுகள் பங்கிட்டுக்கொள்ளும். மூன்றாவது, பாதுகாப்பு. முன் டயர் ஒன்று வெடித்தாலும் மற்றோர் அச்சு வண்டியைத் தடம் மாறாமல் பிடித்துக்கொள்ள உதவும்.

ஆனால் இரண்டு முன் அச்சுகளும் ஒரே அளவு திரும்பினால் டயர்கள் தேய்ந்து போகும். வண்டி வட்டமாகத் திரும்பும்போது எல்லாச் சக்கரங்களும் ஒரே மையத்தைச் சுற்றி வரவேண்டும். அந்த மையம் பின் அச்சின் நேர்க்கோட்டில் இருக்கும். பின் அச்சிலிருந்து முதல் அச்சு 5 மீட்டர், இரண்டாம் அச்சு 3.6 மீட்டர் தொலைவில் இருப்பதாகவும், மையம் 10 மீட்டர் அப்பால் இருப்பதாகவும் கொள்வோம். நாம் கணக்கு வகுப்பில் படிக்கும் ‘டேன்’ அளவு முதல் அச்சுக்கு 0.5, இரண்டாம் அச்சுக்கு 0.36. அதாவது முதல் அச்சின் சக்கரங்கள் சுமார் 27 பாகையும், அடுத்ததன் சக்கரங்கள் சுமார் 20 பாகையும் திரும்பவேண்டும். இந்த வேறுபாடு தானாகவே அமையும்படி, ஸ்டியரிங்கிலிருந்து வரும் நெம்புகோல்களைத் தக்க நீளங்களில் செய்தார்கள். கேலிக்குள்ளான லாரிக்குள் எவ்வளவு கணக்கு ஒளிந்திருக்கிறது பாருங்கள்!

லேலண்ட் நிறுவனம் இவ்வகை லாரி ஒன்றுக்கு ‘ஸ்டீயர்’ என்று பெயர் வைத்தது. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு எருது என்றும் பொருள், திருப்பு என்றும் பொருள். சிலேடையான பெயர்! 1962-இல் பெட்ஃபோர்டு நிறுவனம் ‘வால்’ என்ற 36 அடி நீளப் பஸ்ஸையும் இதே அமைப்பில் செய்தது. தரை தாழ்வாக இருக்க 16 அங்குலச் சிறு சக்கரங்கள் பூட்டினார்கள். சிறு சக்கரங்கள் பாரத்தைத் தாங்குவதற்காக முன் அச்சை இரட்டித்தார்கள். 1969-இல் வெளிவந்த ‘தி இத்தாலியன் ஜாப்’ திரைப்படத்தின் முடிவில் மலை விளிம்பில் தொங்கி நிற்பது இந்தப் பஸ்தான்.

நம் ஊரில்

லேலண்டுடன் கூட்டுச் சேர்ந்து 1955-இல் ‘அசோக் லேலண்ட்’ என்று பெயர் பெற்ற நிறுவனம் சென்னை எண்ணூரில் லாரிகளைச் செய்தது. அதன் மூன்று அச்சு லாரி ஒன்றின் பெயர் ‘டாரஸ்’. இலத்தீன் மொழியில் காளை என்று பொருள். வானத்து ரிஷப ராசிக்கும் அதுவே பெயர். நாளடைவில், எந்த நிறுவனம் செய்த பெரிய பல அச்சு லாரியானாலும் தமிழ்நாட்டு மக்கள் அதை ‘டாரஸ் லாரி’ என்றே சொல்லலாயினர். அங்கே கேலியால் ஒரு பெயர் பிறந்தது. இங்கே ஒரு லாரியின் பெயர் அதன் இனத்துக்கே பெயராயிற்று. இன்று நம் நெடுஞ்சாலைகளில் ஓடும் பன்னிரண்டு சக்கர லாரிகள் பலவற்றில் முன்னால் இரண்டு அச்சுகளைக் காணலாம். அவற்றைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

தோழியரே! பட்டப்பெயர் வைப்பவர் வெளித்தோற்றத்தை மட்டும் பார்க்கிறார். அது ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்பவருக்கே உண்மை விளங்குகிறது. கண்ணாடி அணிந்தவளைச் ‘சோடாபுட்டி’ என்றும், இடக்கையால் எழுதுகிறவளை ‘நொட்டாங்கை’ என்றும் அழைக்க ஒரு நொடி போதும். அந்தக் கண்ணாடி இல்லாவிடில் கரும்பலகை அவளுக்குத் தெரியாது. அந்தக் கைதான் அவளுக்கு முத்துமுத்தான எழுத்தைத் தருகிறது. அடுத்தமுறை இருமுன்னச்சு லாரி ஒன்று உங்களைக் கடந்து செல்லும்போது அதன் சக்கரங்களை எண்ணிப் பாருங்கள். யாருக்கேனும் பட்டப்பெயர் வைக்கத் தோன்றினால், முதலில் காரணத்தைக் கேளுங்கள்.