சாமி வருவதை எந்தப் பாடத்தில் படிப்பது?

எங்கள் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் மாரியம்மன் பண்டிகையில் பம்பை அடிக்கத் தொடங்கியதும் ஒரு பெண்ணுக்குச் சாமி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊர்ப் பெரியவர்கள் ‘அருள் எறங்கிடுச்சு’ என்பார்கள். டவுனில் படித்துவிட்டு வந்தவர் ‘இது ஹிஸ்டீரியா’ என்பார். பகுத்தறிவுத் தோழர் ‘எல்லாம் நடிப்புப்பா’ என்று நகர்ந்துவிடுவார். மூன்று பேருமே அவளைப் பற்றிப் பேசுகிறார்கள், அவளோடு யாரும் பேசவில்லை. அந்தப் பெண்ணின் மகள் பி.ஏ. சேரப் போகிறாள். தன் அம்மாவுக்கு நேர்வதைப் புரிந்துகொள்ள அவள் எதை எடுக்க வேண்டும்? உளவியலையா, சமயவியலையா? இந்தக் கேள்வியோடு இரண்டு அறிவுத்துறைகளையும் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம்.

உளவியல் பாடநூல் வழக்கமாக 1879இல் லைப்சிக்கில் வில்ஹெல்ம் வுண்ட் அமைத்த ஆய்வுக்கூடத்திலிருந்து ஆரம்பிக்கும். அதே வுண்ட் 1900 முதல் 1920 வரை மொழி, தொன்மம், மதம், வழக்காறு பற்றிப் பத்துத் தொகுதிகள் எழுதினார் என்பது ஒரு வரியில் முடிந்துவிடும். கூட்டாக வாழும் மனிதர்களின் மன இயக்கத்தை ஆய்வுக்கூடத்துக்குள் பிடிக்க முடியாது என்பது அவர் கட்சி. சமய அனுபவத்தின் வகைகள் பற்றி வில்லியம் ஜேம்ஸ் எடின்பரோவில் ஆற்றிய சொற்பொழிவுகள் 1902இல் நூலாயின. ஆக, பிறக்கும்போது இந்தத் துறைக்கு மதம் அந்நியமாக இருக்கவில்லை. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1916இலும் சென்னையில் 1943இலும் அது தனித்துறையானபோது நமக்கு முதன்மையாக வந்து சேர்ந்தவை சோதனைகளும் அளவுகோல்களும்தான்.

சமயவியலின் கதை வேறு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், கிறித்தவ இயல், சமணவியல், இஸ்லாமிய ஆய்வு எனத் தனித்தனி அறைகள் உண்டு. பிரதி உள்ள மதங்களுக்கு, தத்துவம் உள்ள மதங்களுக்கு ஆளுக்கொரு அறை. முனியப்பனும் அங்காளம்மனும் நாட்டார் வழக்காற்றியலுக்கு அனுப்பப்பட்டார்கள். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி போன்ற இடங்களில் அந்தத் துறையில் நல்ல வேலைகள் நடந்துள்ளன, மறுப்பதற்கில்லை. ஆனாலும் ‘சமயம்’ என்ற மரியாதையான பெயர் மேலே இருப்பவர்களிடமே தங்கிவிட்டது. உளவியலுக்குப் போனால் அம்மா ஒரு நோயாளி, சமயவியலுக்குப் போனால் அம்மா ஒரு பாமரப் பெண். மகளுக்கு இந்த இரண்டில் ஒன்றுதான் கிடைக்கிறது.

மருத்துவமே இந்த இடத்தில் தடுமாறியிருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. ‘ஹிஸ்டீரியா’ என்ற சொல்லை அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 1980இலேயே நோய்ப் பெயராக வைத்துக்கொள்ளவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 1992ஆம் ஆண்டு வகைப்பாட்டில் ‘ஆவேசக் கோளாறு’ உண்டு. அதற்கு ஒரு நிபந்தனையும் உண்டு: அந்த நிலை தானாக, விருப்பமின்றி வர வேண்டும், சமயமோ பண்பாடோ ஏற்றுக்கொண்ட சூழலுக்கு வெளியே வர வேண்டும். அமெரிக்கக் கையேட்டின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. அப்படியானால் பண்டிகையில் ஆடும் அம்மா நோயாளி இல்லை. சரி, எது ஏற்றுக்கொள்ளப்பட்ட சூழல்? ஏற்றுக்கொண்டது யார்? பூசாரியா, பங்காளிகளா, ஊரா, சேரியா? ஒரே ஊரில் ஒரு சாதிப் பெண்ணுக்கு வருவது அம்மன், இன்னொரு சாதிப் பெண்ணுக்கு வருவது காத்து கருப்பு என்று தீர்மானிக்கும் அதிகாரம் எங்கிருக்கிறது? இதற்கு விடை மருத்துவக் கையேட்டில் கிடைக்காது. சமயத்தின் சமூக வரலாறு தெரிந்தவர்தான் சொல்ல முடியும். இரண்டு பாடங்களும் ஒன்றையொன்று தேட வேண்டிய இடம் இதுதான்.

கோயிலில் குணமாகிறதா என்று கேட்பீர்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் முத்துசுவாமி கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 பேரை 2000ஆம் ஆண்டில் மனநல ஆய்வாளர்கள் கவனித்தார்கள். மருந்து இல்லை, கட்டணம் இல்லை; துணைக்கு வீட்டு ஆள் ஒருவர், கோயிலில் அன்றாடம் சின்னச் சின்ன வேலைகள். சராசரியாகச் சில வாரத் தங்கலுக்குப் பிறகு நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்ததாக 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். சாமிதான் காரணம் என்று அவர்கள் சொல்லவில்லை. ஆதரவான, அச்சுறுத்தாத இடம் என்பதை முன்வைத்தார்கள்.

அடுத்த பக்கத்தையும் படிக்க வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களை வைத்து நடத்தப்பட்ட தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் செத்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்கிறது. நம்பிக்கையின் பெயரால் ஒரு இடம் திண்ணையாகவும் ஆகலாம், சிறையாகவும் ஆகலாம்.

நம் எழுத்தாளர்கள் சிலர் சாமியாட்டத்தைப் பெண்ணின் கலகக் குரலாகக் கொண்டாடுகிறார்கள். இஸபெல் நபோகோவ் இங்கே உதவுவார். தென்னார்க்காட்டுச் சடங்குகளை நேரில் ஆராய்ந்து 2000இல் அவர் வெளியிட்ட நூல், பேயோட்டும் சடங்கு பெண்ணின் தனி வேட்கைகளை அவளிடமிருந்தே பிடுங்கி, குடும்பம் கேட்கும் வடிவுக்கு அவளைத் திருப்புகிறது என்று வாதிடுகிறது. எல்லாச் சடங்குக்கும் இது பொருந்துமா என்பது விவாதத்துக்குரியது. ஆனால் ‘நாட்டார்’ என்றதும் கைகூப்பிவிடுகிற நம் பழக்கத்துக்கு இது நல்ல மருந்து.

மதச்சார்பற்ற அரசுக் கல்லூரியில் மதத்தைப் பாடமாக வைக்கலாமா என்ற தயக்கம் தோழர்களுக்கு உண்டு. அரசியல் சட்டத்தின் 28(1) பிரிவு, முழுக்க அரசு நிதியில் நடக்கும் நிலையங்களில் மதபோதனையைத்தான் தடுக்கிறது. குருநானக்கின் வாழ்வையும் போதனையையும் ஆராய்வது மதபோதனை ஆகாது என்று 1971இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டம் குறுக்கே நிற்கவில்லை. ஆபத்து வேறு பக்கம். 2001இல் பல்கலைக்கழக மானியக் குழு சோதிடத்தைப் பட்டப்படிப்பாக்க முனைந்தது. 2004இல் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. மதத்தை விமர்சனத்தோடு படிக்கும் இடத்தை நாம் காலியாக விட்டால், மதத்தை விற்பவர்கள் வந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

ஆகவே அந்த மகளுக்கு இரண்டும் சேர்ந்த படிப்பு வேண்டும். துன்பத்தை அடையாளம் காணவும், தேவையானபோது தயங்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போகவும் உளவியல் வேண்டும். அந்தத் துன்பத்துக்கு ஊர் வைத்த பெயரில் சாதியும் ஆணாதிக்கமும் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று பார்க்கச் சமயவியல் வேண்டும். முதலில் மொழியிலிருந்து தொடங்கலாம். சாமி ‘எறங்குது’, ‘மேல வருது’, கடைசியில் ‘மலையேறுது’ என்கிறார்கள் நம் பெண்கள். வருவதற்கும் போவதற்கும் அவர்களிடம் தனித்தனிச் சொல் இருக்கிறது. சோதனைத்தாளில் ‘உங்கள் காதில் குரல் கேட்கிறதா?’ என்று ஒரே கேள்விதான் இருக்கும். அம்மா ‘கேக்குது சாமி’ என்பாள். அந்தப் பதிலை நோய்க்குறி என்று எழுதிக்கொள்வதா, இல்லை ‘எப்ப கேக்குதும்மா, யாரு பேசறாங்க?’ என்று அடுத்த கேள்வியைக் கேட்பதா என்பதை அந்த மகளுக்குக் கற்றுத்தரும் வகுப்பறை நம்மிடம் இன்னும் இல்லை.