ஸ்மார்ட் வாட்ச் காட்டும் எண்களில் எவற்றை நம்பலாம்?

இதயத்துடிப்பு, இரத்த அழுத்தம், இரத்த ஆக்சிஜன், உறக்கம், சர்க்கரை எனப் பல அளவுகளை ஒரே திரையில் காட்டும் ஸ்மார்ட் வாட்ச்கள் இன்று சில ஆயிரம் ரூபாய் விலையிலிருந்தே கிடைக்கின்றன. எல்லா எண்களும் ஒரே அளவு எழுத்தில், ஒரே உறுதியுடன் தோன்றுவதால் அவை அனைத்தும் ஒரே தரத்தவை என்று எண்ணத் தோன்றும். உண்மை அவ்வாறன்று. சில எண்கள் நேரடியாக அளக்கப்படுபவை. சில எண்கள் மென்பொருளால் ஊகிக்கப்படுபவை. சர்க்கரை அளவு என்று காட்டப்படும் எண்ணோ, இன்றைய நிலையில் அறவே நம்பத்தகாதது. இந்த வேறுபாட்டை அறியாமல், கடிகாரத்தைப் பார்த்து இன்சுலின் அளவை மாற்றுபவரும், நெஞ்சுவலி ஏற்பட்டபோது கடிகாரம் “இயல்பு” என்று காட்டியதால் வீட்டிலேயே இருந்துவிடுபவரும் உயிராபத்துக்கு உள்ளாகக்கூடும்.

கடிகாரம் உண்மையில் எதை அளக்கிறது?

உங்கள் கடிகாரத்தைக் கழற்றி அதன் பின்புறத்தைப் பாருங்கள். பச்சை நிற ஒளி மின்னுவது தெரியும். இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்கு உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பின்போதும் தோலின் கீழுள்ள நுண்குழாய்களில் இரத்தத்தின் அளவு சற்றே கூடுவதால், திரும்பி வரும் ஒளி சற்றே குறைகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணியே நாடித்துடிப்பு கணக்கிடப்படுகிறது. இதனுடன் கையின் அசைவை உணரும் உணரி ஒன்று இருக்கும். விலை கூடிய சில மாதிரிகளில் இதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் உலோகத் தொடுமுனைகளும், தோலின் வெப்பத்தை அறியும் உணரியும் உண்டு.

திரையில் நீங்கள் காணும் எண்கள் யாவும் இந்தச் சில உணரிகளிலிருந்தே வருகின்றன. மென்பொருள் புதுப்பிப்பு வந்த மறுநாள் திரையில் புதிய உடல்நல அளவு ஒன்று தோன்றினால், கடிகாரத்தினுள் புதிய உணரி எதுவும் வந்து சேரவில்லை என்பதை நினைவிற்கொள்ளுங்கள். பழைய தகவலிலிருந்து புதியதோர் ஊகம் மட்டுமே செய்யப்படுகிறது. அந்த ஊகம் முறையாகச் சோதிக்கப்பட்டதாகவும் இருக்கலாம். வெறும் விளம்பரமாகவும் இருக்கலாம்.

இவற்றுள் பெரிதும் நம்பத்தக்கது நாடித்துடிப்பு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 60 தன்னார்வலர்களைக் கொண்டு, கையில் அணியும் 7 கருவிகளைச் சோதித்து 2017-இல் முடிவுகளை வெளியிட்டனர். நாடித்துடிப்பைப் பொறுத்தவரை 6 கருவிகளின் பிழை 5 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தது. அதே கருவிகள் “செலவான கலோரி” என்று காட்டிய எண்ணில், மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 விழுக்காடும், மிக மோசமான கருவி 93 விழுக்காடும் பிழைபட்டன. ஒரே கருவி காட்டும் இரு எண்களுக்கு இடையே எவ்வளவு தொலைவு இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. கடிகாரம் காட்டும் கலோரியைக் கணக்கிட்டு உணவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

சர்க்கரை அளவு: பயன்படுத்தவே கூடாது

தோலைத் துளைக்காமல் இரத்தச் சர்க்கரையை அளப்பதாகக் கூறும் கடிகாரங்களும் மோதிரங்களும் இணையவழி விற்பனைத் தளங்களில் கிடைக்கின்றன. அவ்வாறு தாமாகவே சர்க்கரையை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தாம் ஒப்புதல் அளிக்கவில்லை என்றும், அவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்றும் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரிக்கை வெளியிட்டது.

இது ஏன் இவ்வளவு கடினம்? 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 100 மில்லிகிராம், அதாவது ஒரு கிராமின் பத்தில் ஒரு பங்கு மட்டுமே உள்ளது. தோலுக்குள் செல்லும் ஒளியை நீர், கொழுப்பு, தோலின் தடிப்பு, வெப்பம், வியர்வை ஆகிய அனைத்தும் மாற்றுகின்றன. இவற்றுக்கு நடுவே இத்துணைச் சிறிய அளவைப் பிரித்தறிவது, பல்லாண்டு ஆய்வுக்குப் பின்னும் கைகூடாத செயலாகவே உள்ளது.

“வீட்டில் குளுக்கோமீட்டரில் பார்த்தேன், கடிகாரமும் ஏறத்தாழ அதே எண்ணைத்தானே காட்டியது?” என்று சிலர் கேட்பதுண்டு. நலமாக உள்ளவரின் சர்க்கரை நாளின் பெரும்பகுதியில் 80 முதல் 140 வரையிலேயே இருக்கும். அந்த எல்லைக்குள் எந்த எண்ணைக் காட்டினாலும் அது சரியானதாகவே தோன்றும். சர்க்கரை 50 ஆகக் குறையும்போதும் 350 ஆக உயரும்போதும் கருவி சரியாகக் காட்டுகிறதா என்பதே உண்மையான சோதனை. நோயாளிக்கு எண் மிகவும் தேவைப்படுவதும் அப்போதுதான்.

பொய்யாக உயர்ந்த எண்ணை நம்பிக் கூடுதல் இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொண்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழும். வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, கடும்பசி, மனக்குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். கவனிக்காவிடில் நினைவிழப்பும் மரணமும் நேரலாம். இந்த அறிகுறிகள் தோன்றினால் கடிகாரம் என்ன காட்டினாலும் பொருட்படுத்தாதீர்கள். குளுக்கோமீட்டரில் அளவு 70-க்குக் கீழ் இருந்தாலும், குளுக்கோமீட்டர் கையில் இல்லாவிட்டாலும், 15 கிராம் சர்க்கரையை (ஏறத்தாழ 3 தேக்கரண்டி) நீரில் கரைத்து உடனே பருகுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதித்துப் பாருங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.

மருத்துவர் பரிந்துரைத்த தொடர் குளுக்கோஸ் கண்காணிப்புக் கருவி இதனின்றும் வேறானது. மேற்கையிலோ வயிற்றிலோ ஒட்டப்படும் அக்கருவியின் மெல்லிய இழை தோலுக்குள் சென்று, திசுக்களுக்கு இடையேயுள்ள நீர்மத்தில் சர்க்கரையை அளக்கிறது. அந்த எண் உங்கள் கடிகாரத்தில் தெரியலாம். ஆயினும் அங்கே கடிகாரம் வெறும் திரை; அளப்பது தோலுக்குள் இருக்கும் இழை.

இரத்த அழுத்தம்

கைப்பட்டைக் கருவி காற்றால் கையை இறுக்கிக் குருதியோட்டத்தைத் தடுத்து, பின் மெல்லத் தளர்த்தி அழுத்தத்தை அளக்கிறது. பெரும்பாலான கடிகாரங்களால் இதைச் செய்ய இயலாது. அவை நாடி அலையின் வடிவத்தைக் கொண்டு அழுத்தத்தை ஊகிக்கின்றன. தரமான மாதிரிகள் ஏறத்தாழ 4 வாரங்களுக்கு ஒருமுறை உண்மையான கைப்பட்டைக் கருவியால் அளந்து, அந்த எண்ணைப் பதிவு செய்யுமாறு கேட்கும். அவ்வாறு எதையும் கேட்காமலேயே 120/80 என்று காட்டும் கடிகாரத்தின் எண்ணுக்கு எந்த மதிப்பும் இல்லை. பதிவு கேட்கும் கடிகாரங்களும் அந்தத் தொடக்க எண்ணை ஒட்டியே காட்டும் போக்குடையவை என்பதால், பின்னர் அழுத்தம் உயர்ந்தால் அதை அவை தவறவிடக்கூடும். கடிகாரத்தில் அழுத்தம் குறைந்துவிட்டதாகக் கண்டு மாத்திரையை நிறுத்துவது பக்கவாதத்துக்கு வழிவகுக்கலாம்.

கடிகாரத்துக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு மேற்கையில் கட்டும் மின்னணு இரத்த அழுத்தமானி ஒன்றை வாங்குவது குடும்பத்துக்கு மிகுந்த பயன்தரும் என்பதே இங்குக் கூறத்தக்க அறிவுரை. அளப்பதற்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி 5 நிமிடம் அமைதியாக அமருங்கள். கையை நெஞ்சின் மட்டத்தில் மேசைமீது வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் எடுத்த அளவுகளின் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருப்பின் மருத்துவரைக் காண வேண்டும். தமிழ்நாட்டில் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் களப்பணியாளர்களிடமும் கட்டணமின்றிச் சோதித்துக்கொள்ளலாம்.

இரத்த ஆக்சிஜன்

கொரோனா காலத்தில் பலரும் வாங்கிய விரல்முனைப் பல்ஸ் ஆக்சிமீட்டரின் அடிப்படைத் தத்துவத்தை ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி 1970-களில் உருவாக்கினார். அது சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலின் ஊடே செலுத்துகிறது. மணிக்கட்டு தடித்தது, அதனூடே ஒளி செல்லாது. ஆகவே கடிகாரம் திரும்பி வரும் ஒளியை மட்டுமே நம்பியுள்ளது. குளிர்ந்த கை, தளர்ந்த பட்டை, பச்சை குத்திய தோல், சிறிய அசைவு ஆகியவை எண்ணைக் கெடுத்துவிடும்.

தோலின் நிறமும் கருதத்தக்கது. அமெரிக்க மருத்துவமனைகளில் பயன்படுத்திய ஆக்சிமீட்டர்களைப் பற்றி 2020-இல் வெளியான ஆய்வொன்றில், கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில் கறுப்பின நோயாளிகளிடம் 11.7 விழுக்காட்டு அளவீடுகளிலும், வெள்ளையினத்தவரிடம் 3.6 விழுக்காட்டு அளவீடுகளிலும் உண்மையான ஆக்சிஜன் செறிவு 88-க்குக் கீழ் இருந்தது தெரியவந்தது. மருத்துவமனைக் கருவிக்கே இந்நிலை என்றால், நம்மில் பலருடைய தோலின் நிறத்தை நோக்க, மணிக்கட்டு எண்ணை எச்சரிக்கையுடனேயே அணுக வேண்டும். மூச்சுத்திணறல் இருக்கும்போது கடிகாரம் 97 என்று காட்டினாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மாறாக, நலமாக உணரும் ஒருவர் இரவில் ஒருமுறை 88 என்ற எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலும் பட்டை நழுவியிருக்கும். விரல்முனைக் கருவியில் மீண்டும் அளந்து பார்த்து, 94-க்குக் கீழ் நீடித்தால் மருத்துவ உதவி பெறுங்கள்.

இ.சி.ஜி. வசதியும் மாரடைப்பும்

கடிகாரங்களின் உண்மையான மருத்துவப் பயன் வெளிப்படும் இடம் இது. பெரிய தவறு நேரக்கூடிய இடமும் இதுவே.

இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் நிலைக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். அப்போது மேலறையில் இரத்தம் தேங்கி உறையலாம். அந்த உறைகட்டி மூளையைச் சென்றடைந்தால் பக்கவாதம் ஏற்படும். பலருக்கு இந்நிலை எந்த அறிகுறியும் இன்றி வந்து செல்வதால் கண்டறிவது அரிது. நாள் முழுதும் கையில் இருக்கும் கடிகாரம் இதைப் பிடிக்கக்கூடும். ஆப்பிள் நிறுவனத்தின் நிதியுதவியுடன் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 4,19,297 பேரிடம் நடத்திய ஆய்வு 2019-இல் வெளியானது. ஒழுங்கற்ற துடிப்பு என்ற எச்சரிக்கை அவர்களுள் 0.52 விழுக்காட்டினருக்கு மட்டுமே வந்தது. 65 வயதைக் கடந்தவர்களிடம் அது 3 விழுக்காட்டளவு. 40 வயதுக்குட்பட்டவர்களிடம் 0.16 விழுக்காடு. எச்சரிக்கை பெற்றபின் நெஞ்சில் ஒட்டும் இ.சி.ஜி. பட்டையை அணிந்து அனுப்பிய 450 பேரில் 34 விழுக்காட்டினரிடம் இந்நோய் உறுதியானது. நோய் விட்டுவிட்டு வருவது என்பதால், ஏனையோர் அனைவருக்கும் எச்சரிக்கை பொய் என்று கொள்ள முடியாது. ஆகவே இத்தகைய எச்சரிக்கை வந்தால் பதற்றம் வேண்டாம், புறக்கணிக்கவும் வேண்டாம். சில நாள்களுக்குள் மருத்துவரிடம் சென்று முழுமையான இ.சி.ஜி. எடுத்துக்கொள்ளுங்கள். மயக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி ஆகியவற்றுள் ஒன்று உடனிருந்தால் அன்றே, அப்போதே செல்லுங்கள்.

மாரடைப்பு முற்றிலும் வேறு. அதை அறிய மருத்துவமனையில் நெஞ்சிலும் கைகால்களிலும் மின்முனைகளைப் பொருத்தி 12 கோணங்களிலிருந்து இதயத்தின் மின்னோட்டத்தைப் பார்க்கின்றனர். ஒரு கையில் கடிகாரத்தை அணிந்து மறுகை விரலால் தொடும்போது கிடைப்பது ஒரே ஒரு கோணம். வீட்டின் ஒரு சன்னல் வழியே பார்த்துவிட்டு உள்ளே எங்கும் தீயில்லை என்று கூறுவதற்கு இது ஒப்பாகும். தங்கள் கடிகாரம் மாரடைப்பைக் கண்டறியாது என்று இவ்வசதியை வழங்கும் ஆப்பிள் போன்ற நிறுவனங்களே தங்கள் குறிப்புகளில் கூறுகின்றன. அக்குறிப்பைப் படிப்பவர் மிகச் சிலரே.

நெஞ்சில் அழுத்தம் அல்லது இறுக்கம், இடக்கை, தாடை, முதுகு ஆகிய இடங்களுக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால் கடிகாரத்தில் இ.சி.ஜி. எடுத்துக்கொண்டிராமல் 108-ஐ அழையுங்கள். பெண்கள், முதியோர், நீரிழிவு உள்ளோர் ஆகியோருக்கு வலியே இன்றி மிகுந்த களைப்பு, குமட்டல், மேல்வயிற்று எரிச்சல் மட்டும் இருக்கலாம். வாயுக்கோளாறு என்று எண்ணிக் காலம் தாழ்த்தும் வழக்கம் நம்மிடையே முன்பே உண்டு. இப்போது “இயல்பு” என்ற சொல்லைத் திரையில் கண்டு தாழ்த்துவதும் அதனுடன் சேர்ந்துவிடக் கூடாது.

உறக்கமும் அடிக்கணக்கும்

ஆழ்உறக்கம், கனவுறக்கம் என்று பிரிக்க மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்ய வேண்டும். கடிகாரம் அசைவையும் துடிப்பையும் கொண்டு ஊகிக்கிறது. எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எழுந்தீர்கள் என்பதை அது ஓரளவு சரியாகக் கூறும். உறக்கத்தின் நிலைகளைக் கூறும் எண்கள் அத்தகையன அல்ல. உறக்க மதிப்பெண் குறைந்ததென்ற கவலையே உறக்கத்தைக் கெடுக்கும் நிலையை மருத்துவ இதழொன்று 2017-இல் தனிப் பெயரிட்டுப் பதிவு செய்தது. காலையில் புத்துணர்வுடன் எழுந்தால் மதிப்பெண்ணைப் பார்க்காமலே விட்டுவிடலாம்.

நாளொன்றுக்கு 10,000 அடி என்ற இலக்கு, 1960-களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியொன்றின் பெயரிலிருந்து பரவியது. மருத்துவ ஆய்விலிருந்து பிறந்ததன்று. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு என்பதே பெரியவர்களுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

மருத்துவரிடம் செல்லும்போது

பேஸ்மேக்கர் போன்ற கருவி உடலில் பொருத்தப்பட்டவர்கள் கடிகாரத்தையும், காந்தம் உள்ள அதன் மின்னேற்றியையும் அக்கருவியிலிருந்து குறைந்தது 15 செ.மீ. தொலைவில் வைக்க வேண்டும். கடிகாரத்தின் உடற்கொழுப்பு அளக்கும் வசதி உடலினுள் சிறு மின்னோட்டத்தைச் செலுத்துவதால் அதை இவர்கள் பயன்படுத்தக் கூடாது.

கடிகாரத்தில் எடுத்த இ.சி.ஜி. பதிவு இருப்பின் அதைச் செயலியில் கோப்பாகச் சேமித்து மருத்துவரிடம் காட்டுங்கள். மாதக்கணக்கான எண்களின் பட்டியல் அவருக்குப் பெரும்பாலும் பயன்படாது. படபடப்பு எந்த நாளில், எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், என்னென்ன மாத்திரைகளை உட்கொள்கிறீர்கள் என்பவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.