சாளர அமைவை மீட்கும் கோப்பு: உரிமை, ஆபத்து, தீர்வு

நிரல் எழுதுவோர் எடிட்டரின் திரையைப் பல சாளரங்களாகப் பிரித்து, ஒருபுறம் நிரலும் மறுபுறம் அதன் சோதனைக் கோப்பும் தெரியுமாறு ஒழுங்குசெய்துகொள்வர். அந்த ஒழுங்கை மறுநாளும் அப்படியே பெறுவதற்கு, பிராம் மூலனார் 1991இல் வெளியிட்ட விம் எடிட்டரில் 'எம்கேசெஷன்' என்ற கட்டளை உள்ளது. திறந்திருந்த கோப்புகளின் பெயர், சாளரங்களின் அளவு, நடப்புக் கோப்புறை ஆகியவற்றை அது 'செஷன்.விம்' என்னும் கோப்பில் எழுதிவைக்க, அடுத்த முறை '-எஸ்' குறியுடன் விம்மைத் தொடங்கினால் பழைய அமைவு திரும்பிவிடுகிறது.

இந்தக் கோப்பு வெறும் குறிப்பேடு அன்று. விம்மின் சொந்த மொழியில் அமைந்த நிரல் என்பதால், ஏற்றப்படும்போது அதன் வரிகள் கட்டளைகளாகவே இயங்குகின்றன. இயங்குதளக் கட்டளை ஒன்றை யாரேனும் அதில் செருகியிருந்தால், பயனருக்குரிய அதிகாரம் முழுவதும் அதற்கும் கிடைத்துவிடும். கோப்புகளை அழிக்கவும் கடவுச்சாவிகளை வெளியே அனுப்பவும் அதுவே போதும். தாமே எழுதிய செஷன் கோப்பில் இந்த அச்சம் இல்லை. கோப்புறைக்குள் நுழைந்தவுடன் அங்குள்ள செஷனைத் தானாக ஏற்றுமாறு அமைத்துவிட்டு, இணையத்தில் இறக்கிய திட்டங்களையும் அதே பழக்கத்தில் திறப்போரே சிக்கிக்கொள்கின்றனர். இத்தகைய ஆபத்து செஷன் கோப்போடு நின்றதும் இல்லை: கோப்புக்குள்ளேயே எடிட்டருக்கான அமைப்புகளைக் குறிக்கும் 'மோட்லைன்' என்ற வரியின் வழியாக, உரைக் கோப்பைத் திறந்த மாத்திரத்தில் கட்டளை இயங்கக்கூடிய பிழை 2019இல் வெளிப்பட்டு, விம் 8.1.1365இல் திருத்தப்பட்டது.

இரண்டாவது ஆபத்து ஓசையற்றது. செஷன் கோப்பில் 'சிடி' என்று தொடங்கும் வரி, பணிக் கோப்புறையின் பாதையைக் காட்டுகிறது. வாடிக்கையாளரின் பெயரில் கோப்புறை வைத்திருப்பவர் அந்தச் செஷன் கோப்பை, நிரலின் பதிப்புகளைப் பேணும் 'கிட்' மென்பொருளின் களஞ்சியத்தில் சேர்த்துப் பொதுவில் வெளியிட்டால், இரகசியக் காப்பு ஒப்பந்தத்தையே மீறியவராகலாம். கிட் கவனிக்க வேண்டாத கோப்புகளின் பட்டியலில் அதைச் சேர்த்துவிட்டால் இச்சிக்கல் எழாது.

விஷுவல் ஸ்டுடியோ கோட் எடிட்டரில் நிலைமை வேறு. நம்பகமற்ற கோப்புறையைக் கட்டுப்பாட்டுடன் திறக்கும் முறை அதில் 2021இல் வந்தது. கலைந்த பலகைகளைப் பழைய இடத்தில் வைக்க 'ரீசெட் வியூ லொகேஷன்ஸ்' என்ற கட்டளையும் உண்டு. ஆயினும் சாளர அமைவு அங்கே தரவுத்தளக் கோப்புக்குள் சேமிக்கப்படுவதால், பயனர் அதை எளிதில் படித்துப் பார்க்க இயலாது. தம் அமைவைத் தாமே படிக்கவும் திருத்தவும் வேறு கணினிக்கு எடுத்துச் செல்லவும் இயலுவதை ஓர் உரிமையாகக் கொண்டால், விம் முறையே அதை முழுமையாகத் தருகிறது; ஆபத்தும் அதே திறந்த தன்மையிலிருந்துதான் பிறக்கிறது.

பிறர் அளித்த செஷன் கோப்பை ஏற்ற வேண்டிய தேவை உண்மையில் எவருக்கும் இல்லை. சாளரங்களைக் கையால் பிரிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அதையும் மீறித் தீங்கு நேர்ந்துவிட்டால், அனுமதியின்றித் தரவை எடுப்பதற்கும் தீநிரலைப் புகுத்துவதற்கும் எதிராக இழப்பீடு கோர, இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு வழிசெய்கிறது. நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்துடன் செய்யப்பட்ட செயல் 66ஆம் பிரிவின்கீழ் குற்றமாகிறது. புகார் அளிப்போர் அந்தச் செஷன் கோப்பை அழித்துவிடாமல், மாற்றமின்றி ஒரு நகல் எடுத்துப் பாதுகாக்க வேண்டும்.