மாசிடோனியா: யாருடைய கற்பிதம்?

1946 அக்டோபரில் சோஃபியாவிலிருந்து ஸ்கோப்யேவுக்கு ஒருவருடைய எலும்புகள் அனுப்பப்பட்டன. 1903 மே மாதம் ஒட்டோமான் படையினரால் கொல்லப்பட்ட கோத்ஸே தெல்ச்சேவ் என்ற புரட்சிக்காரரின் எலும்புகள். அனுப்பியது பல்கேரியக் கம்யூனிஸ்ட் அரசு. பெற்றுக்கொண்டது யூகோஸ்லாவியாவுக்குள் புதிதாக உருவாகியிருந்த மாசிடோனியக் குடியரசு. கொடுத்தவர்களின் வாரிசுகளே பிற்பாடு 'அவர் எங்க ஆளுதானே' என்று கேட்க ஆரம்பித்தார்கள். 2020 நவம்பரில் வட மாசிடோனியாவின் ஐரோப்பிய ஒன்றிய நுழைவுப் பேச்சுவார்த்தையைப் பல்கேரியா தடுத்து நிறுத்தியது. அதற்குப் பின்னணியாக இருந்த வரலாற்றுச் சண்டைகளில், செத்து நூறு வருஷம் தாண்டிய இந்த மனிதர் யாருடையவர் என்பதும் ஒன்று.

பல்கேரியத் தரப்பின் வாதம் சுருக்கமானது. மாசிடோனியர் என்றொரு தேசிய இனம் 1944க்கு முன் கிடையாது, அது டிட்டோ உண்டாக்கியது. அவர்கள் பேசுவது பல்கேரிய மொழியின் ஒரு வழக்குதான். நம்முடைய சிறுபத்திரிகைகளில் தொண்ணூறுகளில் 'தேசியம் ஒரு கற்பிதம்' என்ற வாதம் பெரிதாக நடந்தது. பெருந்தேசியத்தின் புனிதத்தைக் கலைக்க அது உதவவும் செய்தது. ஆனால் அதே வாக்கியம் ஒரு பெரிய தேசத்தின் வாயிலிருந்து, பக்கத்தில் இருக்கும் சின்ன தேசத்தை நோக்கி வரும்போது அதன் அர்த்தமே வேறாகிவிடுகிறது. 'நீ கற்பிதம்' என்கிறவர் 'நானும் அப்படித்தான்' என்று சேர்த்துச் சொல்வதில்லை.

பல்கேரியர் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஒட்டோமான் ஆட்சி மக்களை மொழியால் அல்ல, மதத்தால் எண்ணியது. பழைமைவாதக் கிறிஸ்தவர்கள் அத்தனை பேரும் கான்ஸ்டாண்டிநோபிள் முதுபெரும் குருவின் கீழ். பூசையும் பள்ளியும் பெரும்பாலும் கிரேக்கத்தில். 1870ல் சுல்தானின் ஆணையால் பல்கேரியத் திருச்சபை தனியாகப் பிரிந்தது. மூன்றில் இரண்டு பங்குப் பேர் விரும்பினால் வேறு பகுதிகளும் அதில் சேரலாம் என்று ஆணை சொன்னது. ஆக மாசிடோனியக் கிராமத்தானுக்குப் 'பல்கேரியன்' என்பது எந்தச் சாமியாரிடம் போகிறான், பிள்ளையை எந்தப் பள்ளிக்கு அனுப்புகிறான் என்பதையும் பொறுத்த ஒரு பெயர். 1906ல் மாசிடோனியாவைப் பற்றிப் புத்தகம் எழுதிய ஆங்கிலேயர் பிரெய்ல்ஸ்ஃபோர்ட், கிராமத்துச் சிறுவர்களிடம் பழைய இடிபாடு ஒன்றைக் கட்டியவர்கள் செர்பியரா, கிரேக்கரா, பல்கேரியரா என்று துருவிக் கேட்டிருக்கிறார். துருக்கியர் இல்லை, கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் பையன்களிடம் பதில் இல்லை. கேள்விதான் வெளியிலிருந்து வந்தது.

இதற்காக ஸ்கோப்யே சொல்வதெல்லாம் சரி என்று ஆகிவிடாது. ஸ்த்ரூகா ஊர்க்காரர்களான மிலாதினோவ் சகோதரர்கள் 1861ல் ஸாக்ரெப்பில் வெளியிட்ட நாட்டுப்பாடல் தொகுப்பின் பெயரே 'பல்கேரிய நாட்டுப்பாடல்கள்'. பாடல்களில் பெரும்பகுதி மாசிடோனிய மண்ணுடையவை. ஸ்கோப்யேவில் அந்தப் பெயரடையைச் சொல்லக் கூச்சப்பட்டு, 'மிலாதினோவ் தொகுப்பு' என்று பொதுவாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். பதிப்பு நேர்மை என்று ஒன்று இருக்கிறதே! தெல்ச்சேவும் பல்கேரியப் பள்ளியில் படித்தவர், பல்கேரியத் திருச்சபைப் பள்ளியில் வாத்தியார் வேலை பார்த்தவர், தன்னைப் பல்கேரியர் என்று சொல்லிக்கொண்டவர். அதே ஆள்தான் மாசிடோனியாவைப் பல்கேரியாவோடு இணைக்க நினைத்த சோஃபியா கோஷ்டியை எதிர்த்து, தன்னாட்சி கொண்ட மாசிடோனியாவுக்காக நின்றார். 1903ல் மாசிடோனியர் தனி மக்கள், அவர்களுக்குத் தனி எழுத்துமொழி வேண்டும் என்று முதன்முதலாக விரிவாக எழுதிய கிர்ஸ்தே மிசிர்கோவ் அந்தப் புத்தகத்தை அச்சிட்டது சோஃபியாவில்! பிற்காலத்தில் அவரே தன்னைப் பல்கேரியராகவும் எழுதிக்கொண்டார். இவர்களெல்லாம் குழம்பிப்போனவர்கள் இல்லை. இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் அவர்கள் காலத்தில் இன்னும் முழுசாக வந்து சேரவில்லை.

அந்தக் கட்டாயம் துப்பாக்கியோடு வந்தது. 1913ல் மாசிடோனியா கிரேக்கம், செர்பியா, பல்கேரியா மூன்றுக்கும் பங்கு போடப்பட்டது. செர்பியப் பங்கில் அது 'தெற்கு செர்பியா' ஆயிற்று. குடும்பப் பெயர்களின் வால் 'இச்' என்று முடியும்படி மாற்றப்பட்டது. 1941ல் ஹிட்லரின் கூட்டாளியாகப் பல்கேரியப் படை வந்தபோது விடுதலை வந்ததாக வரவேற்றவர்களும் இருந்தார்கள். 1943 மார்ச்சில் அந்த நிர்வாகம் இங்கிருந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களைப் பிடித்து, ஸ்கோப்யேவில் ஒரு புகையிலைக் கிட்டங்கியில் அடைத்து, ட்ரெப்லிங்கா கொலைமுகாமுக்கு அனுப்பியது. அனேகமாக யாரும் திரும்பவில்லை. பல்கேரியாவின் பழைய எல்லைக்குள் இருந்த யூதர்கள் காப்பாற்றப்பட்டார்கள் என்பது உண்மை. சோஃபியா அதைப் பெருமையோடு நினைவுகூர்கிறது. ஆனால் மாசிடோனியாவில் நடந்ததை 'ஆக்கிரமிப்பு' என்று எழுதினால் அதற்குக் கோபம் வருகிறது. எலும்புகளைப் பற்றிய கூச்சலில் அமுங்கிப்போவது இந்தக் கணக்கு.

1944 ஆகஸ்ட் 2ல் எதிர்ப்புப் போராளிகள் கூட்டிய மன்றம் மாசிடோனிய மொழியை ஆட்சிமொழியாக அறிவித்தது. 1945ல் எழுத்துமுறை வந்தது. பிளாஷே கோனெஸ்கி போன்றவர்கள் பிரிலெப், பித்தோலா, வெலெஸ் பக்கத்துப் பேச்சை அடிப்படையாக வைத்தார்கள். செர்பியத்திலிருந்தும் பல்கேரியத்திலிருந்தும் தள்ளி நிற்கும் பேச்சு அது. நமக்குச் சுவாரசியமான விஷயம், இதில் பெயரின் பின்னால் ஒட்டும் சுட்டு. பக்கத்தில் இருப்பதற்கு ஒன்று, தூரத்தில் இருப்பதற்கு ஒன்று, பொதுவாக ஒன்று என மூன்று விகுதிகள். நம்முடைய இ, அ, உ ஞாபகத்துக்கு வரலாம். எழுத்துப் பல்கேரியத்தில் இந்த மும்மை இல்லை. சரி, அப்ப தனிமொழிதானே என்றால், பல்கேரியாவின் ரொடோப் மலைப் பேச்சிலும் இது இருக்கிறது! பேச்சுகள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துதான் கிடக்கின்றன. கோடு போடுவது பள்ளிக்கூடமும் அச்சகமும் அரசும். பல்கேரிய எழுத்துமொழியும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அப்படித்தான் கோடு போடப்பட்டு உருவானது. எழுபது வருஷம் முந்திக்கொண்டது என்பது தவிர வேறு என்ன உசத்தி?

ஸ்கோப்யேவின் தப்பு, இந்த வாதத்தை எதிர்கொள்ளாமல் வயசுப் போட்டிக்கு இறங்கியது. பத்தாம் நூற்றாண்டு சாமுவேல் அரசன் எங்கள் அரசன், அதற்கும் முந்திய அலெக்ஸாண்டரும் எங்கள் முப்பாட்டன் என்று சிலை வைத்தார்கள். பழசானதுதான் நிஜம் என்ற எதிராளியின் அளவுகோலை அப்படியே ஒப்புக்கொண்டாயிற்று. இந்த நிச்சயத்துக்கு ஒரு வன்முறையும் இருந்தது. 1945ல் 'மாசிடோனிய தேசிய மானத்தைக்' காப்பதற்கென்று வந்த சட்டம், ஆக்கிரமிப்புக்குத் துணைபோனவர்களோடு சேர்த்து, பல்கேரியர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர்கள் மீதும் பாய்ந்தது. தெல்ச்சேவ் இருந்த அமைப்பின் பெயரையே இரண்டு நாட்டு வலதுசாரிக் கட்சிகளும் இன்று தலையில் வைத்திருக்கின்றன: அங்கேயும் 'வ்ம்ரோ', இங்கேயும் 'வ்ம்ரோ'.

மேற்கத்தியப் பத்திரிகைகள் இதை விநோதமான பால்கன் சண்டையாகச் சொல்லி முடித்துக்கொள்கின்றன. பல்கேரியாவின் குடிக்கணக்கைப் பார்த்தால் அப்படிச் சிரிக்க முடியாது. அங்கே தென்மேற்கில் பிரின் பகுதி இருக்கிறது. டிட்டோவோடு இணக்கமாக இருந்த காலத்தில், தம்மை மாசிடோனியர் என்று பதிந்துகொள்ளும்படி அங்கே அரசே மக்களைத் தள்ளியது. 1956 கணக்கில் 1,87,789 பேர். பிறகு கட்சியின் கொள்கை மாறியது. 1965ல் பத்தாயிரத்துக்கும் கீழே. 2011ல் 1,654. அத்தனை பேரும் செத்துப்போகவில்லை, நாட்டைவிட்டு ஓடிப்போகவும் இல்லை. மேலே எழுதுகிற பேனா மாறியது. முதல் எண்ணும் கடைசி எண்ணும் எந்த அளவுக்கு உண்மை என்று சொல்ல அந்த மக்களிடம் யாரும் பயமில்லாமல் கேட்டதில்லை.

2022ல் ஒன்றிய நுழைவுக்கு வைக்கப்பட்ட நிபந்தனை, வட மாசிடோனியாவின் அரசியல் சட்டத்தில் பல்கேரியரையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும் என்பது. 2021 கணக்குப்படி அவர்கள் 3,504 பேர். சேர்க்கட்டும், அது அவர்களுடைய உரிமை. 2024ல் ஆட்சிக்கு வந்த ஸ்கோப்யே 'வ்ம்ரோ' இப்போதைய நிபந்தனையில் முடியாது என்றது. இதைக் கேட்கும் சோஃபியாவோ, பிரின் மாசிடோனியரின் கூட்டங்களைத் தடைசெய்ததற்காக 2001லும், அவர்களுடைய கட்சியைக் கலைத்ததற்காக 2005லும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் தோற்றது. தீர்ப்புகள் வந்த பிறகும் அவர்கள் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யப் போனால் விண்ணப்பம் திரும்பிவந்தது.