அணைத்தாலும் மறவாத மாறிகள்

மஸ்ஜித் இந்தியாவில் மாமாவின் துணிக்கடை ரூட்டர், தீபாவளி விற்பனை நேரத்தில் இயங்கவில்லை. முதல்நாள் இரவு வேறு மென்பொருள் ஏற்றியவன் நான்தான், மாமாவிடம் சொல்லவில்லை.

சீரியல் கம்பியை மடிக்கணினியில் இணைத்து, 115200 வேகத்தில் திறந்தேன். மின்சாரம் கொடுத்தவுடன் ஒரு விசையைத் தட்டினால் 'யூ-பூட்' கட்டளை வரி கிடைக்கும். லினக்ஸுக்கு முன் ஓடும் தொடக்க நிரல் இது. 2002இல் இப்பெயர் பெற்றது.

'பிரிண்ட்என்வ்' என்றதும் சேமித்த மாறிகள் வரிசையாக வந்தன. 'பூட்சிஎம்டி' இன்னும் பழைய கர்னல் முகவரியையே காட்டியது. 'செட்என்வ்' கொடுத்துத் திருத்தினேன். ரூட்டர் எழும்பியது. அணைத்துப் போட்டேன், மறுபடி அதே கதை!

செட்என்வ் ரேமில் மட்டுமே மாற்றும். 'சேவ்என்வ்' கொடுத்தால்தான் ஃபிளாஷில் பதியும். பதியும்போது மின்சாரம் போனால் சரிபார்ப்பு எண் பொருந்தாது. மாற்றுப் பிரதி இல்லாத கருவி, நாம் சேமித்ததை விட்டு நிரலோடு வந்த மதிப்புகளையே எடுத்துக்கொள்ளும். அதனால் பதிந்து முடியும்வரை மாமாவைக்கூடச் சுவிட்ச் பக்கம் விடவில்லை.